காலையில் ‘டி’ போட்டால் மூன்று நொடி கழித்துப் பிடிக்கும் ஆட்டோ கியர்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் தம்பி ஒருவரிடம் 2009 மைவி 1.3 ஆட்டோ இருக்கிறது. 190,000 கிலோமீட்டர் ஓடிய கார். காலை ஐந்தரைக்கு அம்மாவைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) கொண்டுபோய் விட எடுக்கும்போது ‘டி’ (முன்னே போகும் கியர்) போட்டால் கார் அசைவதில்லை. மூன்று, நான்கு நொடி கழித்து ‘டொக்’கென்று ஓர் உதை, அதன் பிறகுதான் இழுக்கிறது. ‘ஆர்’ (ரிவர்ஸ்) போட்டாலும் அப்படியே. பத்து நிமிடம் ஓடிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. பட்டறையில் ஓட்டிப் பார்த்த ஃபோர்மேன், “கியர்பாக்ஸ் போச்சு, ரீகண்ட் மாத்திடுங்க” (வேறு காரிலிருந்து எடுத்துச் சீர்செய்த கியர்பாக்ஸ் போடுங்கள்) என்று சொல்லிவிட்டார். மாற்றலாமா?

இப்போதே மாற்ற வேண்டாம், தம்பி. ஃபோர்மேன் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓட்டிப் பார்த்ததை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. நீங்கள் சொன்ன அறிகுறிக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆட்டோ கியர்பாக்ஸில் பல் சக்கரங்கள் எப்போதும் கோர்த்தபடியேதான் இருக்கும். ‘டி’ போடும்போது வால்வ் பாடிக்குள் (எண்ணெயை வழி பிரித்து அனுப்பும் பகுதி) ஒரு வால்வ் நகர்ந்து, பம்ப் தள்ளும் எண்ணெய்க்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அந்த எண்ணெய் கிளட்ச் டிரம்மில் நிறைந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் கிளட்ச் தகடுகளை நெருக்கும். தகடுகள் பிடித்ததும் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்கு வரும். லிவர் நகர்ந்ததற்கும் கார் அசைவதற்கும் நடுவே உள்ள நேரம், அந்த டிரம் நிறைந்து அழுத்தம் ஏற எடுக்கும் நேரம். அது நீண்டால் எண்ணெய் போதவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது போகிற வழியில் எங்கோ ஒழுகுகிறது. மற்ற எல்லாக் காரணங்களும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு நேரம் சரி? டொயோட்டா பட்டறைக் கையேடுகளில் ‘என்’னிலிருந்து (நியூட்ரல்) ‘டி’க்கு 1.2 நொடிக்குள், ‘என்’னிலிருந்து ‘ஆர்’க்கு 1.5 நொடிக்குள் என்று போட்டிருப்பார்கள். அது எண்ணெய் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது எடுக்க வேண்டிய அளவு. உங்கள் காருக்கும் அதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். அளக்கக் கைப்பேசி போதும். சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலையும் பிரேக்கில் வைத்து, ஏர்கானை அணைத்துவிட்டு வீடியோ எடுங்கள். லிவரை நகர்த்தும் கணத்தில் வாயால் “டி” என்று சொல்லுங்கள். கியர் பிடிக்கும் சத்தமும் எஞ்சின் இறங்கும் ஓசையும் வீடியோவில் தெளிவாகக் கேட்கும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவே ‘என்’னில் ஒரு நிமிடம் விட்டு, ‘டி’க்கு மூன்று, ‘ஆர்’க்கு மூன்று என எடுத்துச் சராசரி பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு தடவை, சூடேறிய பின் ஒரு தடவை என இரண்டு வேளையும் எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளைப் படிக்கும் விதம் இப்படி. ‘டி’ மட்டும் தாமதம், ‘ஆர்’ சரி என்றால் ஃபார்வர்ட் கிளட்ச் பக்கம் கோளாறு. ‘ஆர்’ மட்டும் தாமதம் என்றால் ரிவர்ஸ் கிளட்ச், அல்லது முதல் கியரும் ரிவர்ஸும் பங்குபோடும் பிரேக் தகடுகள். இரண்டுமே தாமதம் என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப், மொத்த அழுத்தம், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு). இரண்டு கிளட்ச்களும் ஒரே நாளில் தேய்ந்துபோவது அரிது. உங்களுக்கு இரண்டுமே தாமதம் என்பதால்தான் பொறுங்கள் என்கிறேன்.

அடுத்தது குளிரும் சூடும். இணையத்தில் பலர் குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும், அது இயல்பு என்று சொல்வார்கள். பனி கொட்டும் ஊருக்கு அது சரி. நம் பக்கம் விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். அந்தச் சூட்டில் நல்ல ஆட்டோ கியர் எண்ணெய் மூன்று நொடி தாமதிக்கும் அளவுக்குக் கெட்டியாவதில்லை. எனவே “காலையில் அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். காலையில் தாமதித்துச் சூடேறியதும் சரியாவது பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்களின் வேலை. ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு விறைத்துப்போன ரப்பர், ஆறியிருக்கும்போது டிரம்மின் சுவரோடு ஒட்டாமல் எண்ணெயைக் கசியவிடும். சூடேறியதும் கொஞ்சம் இளகி ஒட்டிக்கொள்ளும். காலையில் சரியாகப் பிடித்து மதிய வெயிலில் ஈப்போ நெரிசலுக்குப் பிறகு தாமதிக்கிறது என்றால் கதை வேறு. சூட்டில் நீர்த்த எண்ணெய் தேய்ந்த பம்ப்பிலோ வால்வ் பாடியிலோ ஒழுகி அழுத்தம் விழுகிறது என்று பொருள். இரண்டில் சூட்டில் வரும் தாமதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

சீல்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நிற்கும் காரில், டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்க வேண்டிய எண்ணெய் மெல்லக் கசிந்து கீழே எண்ணெய்த் தட்டுக்கு இறங்கிவிடுவது உண்டு. காலையில் பம்ப் முதலில் காலி கன்வெர்ட்டரை நிரப்ப வேண்டியிருப்பதால் கியர் தாமதிக்கும். இதைச் சோதிப்பது எளிது. நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஹேண்ட்பிரேக்கோடும் கால் பிரேக்கோடும் ‘என்’னில் ஒரு முழு நிமிடம் ஓடவிட்டு, பிறகு ‘டி’ போடுங்கள். உடனே பிடித்தால் அது கன்வெர்ட்டர் வடிவதுதான். தொல்லையே தவிர, உடனடி ஆபத்தில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பழக்கமாக்கிக்கொண்டு பல காலம் ஓட்டலாம். ஒரு நிமிடம் விட்டும் அதே மூன்று நொடி என்றால் சீல் அல்லது எண்ணெய்க் குறை.

இப்போது எண்ணெய். பாதிக் கார்களின் தாமதம் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு ஒரு டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி), கியர்பாக்ஸுக்கு ஒன்று. காரை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடியபடியே, பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரை ‘பி’யிலிருந்து ‘எல்’ வரை ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி நகர்த்தி, திரும்ப ‘பி’க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைக்காமல் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். ‘ஹாட்’ என்று குறித்த இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரம் காட்டினால் தாழ்ந்த பக்கத்தை நம்புங்கள். துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும். பட்டறைக் கழிவு நூலால் துடைத்தால் ஒரு இழை உள்ளே போய் வால்வில் சிக்கினாலும் வேலை கெட்டுவிடும்.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாக் காரிலும் இதே முறை இல்லை. ஹோண்டாவின் டிப்ஸ்டிக் கார்களில் எஞ்சினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டான்களில் ‘என்’னில் வைத்துப் பார்ப்பது வழக்கம். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய கார்களில் ஸ்கேன் கருவியில் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே, கையேடு சொல்லும் டிகிரியில் வழிவு போல்ட்டைத் திறந்து அளவிட வேண்டும். அதை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள்.

அளவு குறைவாக இருந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். காற்று நசுங்கும், அழுத்தம் ஏறாது, கியர் தாமதிக்கும். அளவு அதிகமானாலும் இதே கோளாறுதான் வரும். சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக்கில் சின்னச் சின்னக் குமிழி தெரிந்தால் இந்த இரண்டில் ஒன்று. குறைவாக இருந்தால் டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒல்லிப் புனலில் 200 மில்லி ஊற்றி, மறுபடி அளந்து, தேவையானால் இன்னொரு 200 மில்லி. ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்க்காதீர்கள். குறைந்த எண்ணெய் எங்காவது போயிருக்க வேண்டும், ஆட்டோ கியர்பாக்ஸ் எஞ்சினைப் போல எண்ணெயை எரிப்பதில்லை. இரவில் காருக்கடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு இருந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல், எண்ணெய்த் தட்டின் கேஸ்கெட், ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுப் பத்து நிமிடம் காயவிடுங்கள். பரவிய வட்டம் சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ இருந்து நடுவில் ஒன்றும் தங்கவில்லை என்றால் எண்ணெயில் உயிர் இருக்கிறது. பரவாமல் நடுவில் கரும்புள்ளியாகத் தங்கி, முகர்ந்தால் காகிதம் கருகிய வாடை வந்தால், அது கிளட்ச் தகடுகளின் மேல்பூச்சு. அந்தப் பூச்சு உண்மையிலேயே காகித வகைதான். சிராப் பண்டுங் (ரோஜாப் பால் பானம்) நிறத்தில் பால் கலந்ததுபோல இருந்தால் காரை அப்படியே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்து கூலண்ட் கலந்துவிட்டது, அல்லது மழைக்காலத்தில் தோட்டத்துப் பாலத்தில் ஓடிய வெள்ளத்தில் இறங்கியதில் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் போய்விட்டது. தண்ணீரும் கூலண்டும் தகட்டின் பூச்சை ஒட்டவைத்த பசையையே கரைத்துவிடும். அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும்.

செம்மண் சாலையில் ஓடும் கார்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. கியர்பாக்ஸின் எண்ணெய்த் தட்டு மெல்லிய தகரம். லாரி ஓடிப் பள்ளமான செம்பனைத் தடத்தில் நடுமேட்டுக் கல் அடித்தால் அது உள்வாங்கும். உள்வாங்கிய இடம் ஃபில்டரின் உறிஞ்சு வாய்க்கு நேரே இருந்தால் வாய் பாதி அடைபட்டு, எண்ணெய் நிறைய இருந்தும் பம்ப்புக்குப் போதாது. காரைத் தூக்கி டார்ச் அடித்து நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அதே நேரத்தில் கியர் லிவர் கேபிளையும் பாருங்கள். கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால், லிவர் ‘டி’யில் நின்றாலும் உள்ளே வால்வ் முழுதாகத் திறந்திருக்காது, எண்ணெய் பாதி வழியில்தான் போகும். ‘டி’ போட்டுத் தாமதிக்கும்போதே லிவரை ‘டி’யிலிருந்து அடுத்த இடத்தை நோக்கி ஒரு மயிரிழை நகர்த்துங்கள். சட்டென்று பிடித்தால் கேபிள்தான். சில பத்து ரிங்கிட்டில் முடிகிற வேலைக்கு யாரும் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்து, எண்ணெய் பழுப்பாக மட்டும் இருக்கிறது, கருகவில்லை என்றால், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இயந்திரம் வைத்து அழுத்தித் தள்ளும் முறை இவ்வளவு ஓடிய காருக்கு வேண்டாம். வடித்து ஊற்றும் முறையே போதும். வடியும் எண்ணெயை அளவுக் குடுவையில் பிடியுங்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் வடியும், மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கும். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவை ஊற்றி, சூடாக்கி, டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என மூன்று தடவை செய்தால் 50, 75, 87 விழுக்காடு என்று புதிய எண்ணெயின் பங்கு ஏறும். ஃபில்டரை முதல் தடவையே மாற்றிவிடுங்கள்.

தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே வட்டக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் குழைத்த திருநீறுபோல சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயமில்லை, அது வயதுக்குரிய தேய்மானம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கிற துண்டுகள், ஊசிபோன்ற இரும்புத் துகள், பித்தளை மினுமினுப்பு இருந்தால் பேரிங்கோ புஷ்ஷோ அரைபடுகிறது. அப்போது எண்ணெய் மாற்றுவது வீண் செலவு. தட்டை மாட்டும்போது இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். சிலிகானை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கிய துண்டு அறுந்து ஃபில்டரை அடைக்கும். போல்ட்டை ஆத்திரத்தில் இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி அங்கேயே ஒழுகும். பல கார்களில் இந்தப் போல்ட்டுகளுக்கு 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். குட்டை ராட்செட்டைக் கைமணிக்கட்டால் திருப்பும் அளவு.

எண்ணெய் வகையில் சமரசம் வேண்டாம். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். டொயோட்டாவின் டி-ஃபோர் (T-IV) வகை எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸ் பெட்டியில் டபிள்யூஎஸ் (WS) வகையை ஊற்றுவது, மிட்சுபிஷியின் எஸ்பி-த்ரீ (SP-III) வகை கேட்கும் பெட்டியில் கிடைத்ததை ஊற்றுவது எல்லாம் கிளட்ச் பிடிக்கும் தன்மையையே மாற்றிவிடும். சிவிடி கார்களில் (பல் சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் கொண்ட கியர்பாக்ஸ்) சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியின் முகம் கீறுபட்டுவிடும். சீலை இளக்கும் மருந்து என்று கடைகளில் புட்டி கிடைக்கிறது. விறைத்த சீலுக்குச் சில மாதம் ஆறுதல் தரலாம், கிழிந்த சீலுக்குத் தராது. பழைய சாதாரண ஆட்டோவில் கடைசி முயற்சியாகச் செய்யலாம், சிவிடியில் வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் தாமதம் தீரவில்லை என்றால், பட்டறையில் அழுத்தச் சோதனை கேளுங்கள். கியர்பாக்ஸ் உடலில் அதற்கென்றே ஒரு சிறிய போல்ட் உண்டு. அங்கே 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை மாட்டி ‘டி’யிலும் ‘ஆர்’ரிலும் படிக்க வேண்டும், ‘ஆர்’ அழுத்தம் வழக்கமாக அதிகமாக இருக்கும். இரண்டிலும் குறைவு என்றால் பம்ப், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வ், அல்லது அதன் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வ்). டொயோட்டா வகைகளில் திறந்து மூடும் சோலனாய்டுக்கு 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம், அழுத்தம் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கு ஏறக்குறைய 5 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அழுத்தம் சரியாக இருந்தும் கியர் தாமதித்தால் டிரம்முக்குள் சீல் போய்விட்டது, அப்போதுதான் பெட்டி இறங்க வேண்டும்.

இறக்கினால் ஓவர்ஹாலா, ரீகண்டா? தகடுகள் கருகாமல் சீல் மட்டும் போயிருந்தால், ஆட்டோ கியர் மட்டுமே செய்யும் பட்டறையில் முழு சீல் செட்டும் தகடுகளும் போட்டுக்கொள்வதையே நான் சொல்வேன். உள்ளே புதிய ரப்பர் இருக்கும் என்ற உறுதி கிடைக்கும். ஹாஃப்-கட் (பழைய கார்களைப் பாதியாக வெட்டி உதிரியாக விற்கும்) கடையில் எடுக்கும் பெட்டியின் ரப்பருக்கும் உங்கள் பெட்டியின் வயதே இருக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், பெட்டியின் குறியீட்டு எண் பொருந்துகிறதா, கன்வெர்ட்டரும் சேர்ந்து வருகிறதா, மிச்ச எண்ணெய் என்ன நிறம் என்று பார்த்து, வாரண்டியை ரசீதில் எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் முன்பக்க ஆயில் சீலை மாற்றி, ரேடியேட்டர் குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய பெட்டியின் கரித்தூள் அதில் தங்கி நேராகப் புதுப் பெட்டிக்குள் போகும்.

மாட்டும்போது இன்னொன்று. கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுழற்றும்போது படிப்படியாக உள்வாங்கி, ஒவ்வொரு கோர்ப்புக்கும் ‘டொக்’கென்று இறங்கும். கடைசிப் படி பம்ப்பின் பல்லில் உட்காருவது. அது உட்காராமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பம்ப் அங்கேயே உடையும். கன்வெர்ட்டர் முகம் பெட்டியின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தபிறகே எஞ்சினோடு சேர்க்க வேண்டும்.

அதுவரை காரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தாமதிக்கும் அந்த நொடிகளில் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே மிதிக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இது. கார் நகரவில்லையே என்று கால் தானாக இறங்கும். அந்த நேரத்தில் தகடுகள் அரைகுறையாகத் தொட்டபடி வழுக்குகின்றன. தகட்டின் பூச்சு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். சீல் கசிவாக இருந்த கோளாறு இப்படித்தான் சில வாரத்தில் தகடு கருகிய கோளாறாக மாறுகிறது. காலையில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, ‘டி’ போட்டு, உதை வரும்வரை பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்து, பிறகு கிளப்புங்கள். சேற்றில் சிக்கினால் ‘டி’, ‘ஆர்’ என்று மாற்றி மாற்றி ஆட்டி எடுக்காமல், இறங்கிச் சக்கரத்தடியில் செம்பனை மட்டையைப் போடுங்கள்.

ஓடும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால், அல்லது காத்திருப்பு ஐந்து நொடியைத் தாண்டினால், அங்கேயே ஓரங்கட்டுங்கள். தோட்டத்து டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, சக்கரம் மட்டும் சுழன்று பெட்டியை உலரவே அரைக்கும். முன்சக்கரம் இரண்டும் தரையில் படாதபடி தூக்கிச் செல்லும் இழுவை லாரியைக் கூப்பிடுங்கள்.